மெதுவாகத் துடிக்கும் இதயத்துக்கு வேக மாத்திரை: அம்மாவுக்கு நடந்ததும் நாங்கள் தெரிந்துகொண்டதும்

இதயம் மெதுவாகத் துடிக்கிறது என்று சொல்லி, அதைக் கூட்ட ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. குறைவாக இருந்தது, மருந்து கொடுத்தாயிற்று, இனி சரியாகிவிடும் என்று. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த மாத்திரை துடிப்பைக் கூட்டும், உண்மைதான். ஆனால் இதயத்தின் எந்த இடத்தைக் கூட்டும், எவ்வளவு கூட்டும், எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது வேறு கதை. அந்த மருந்தாலேயே தாறுமாறான வேகத் துடிப்பு வந்து, ராத்திரியோடு ராத்திரியாக அம்மாவை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். மலையில் வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் மருத்துவர் இல்லை. எங்களைப் பார்த்த மருத்துவர்கள் சொன்னதையும், பிறகு கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டதையும்தான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக ஒரு மாத்திரையை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம்.

எங்களுக்குத் தாண்டிக்குடிப் பக்கம். பழனி மலையின் கீழ் அடுக்கு. காப்பி, மிளகு, ஊடுபயிராக வாழை. அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது என்றாலும் பழம் பறிக்கிற காலத்தில் ஆட்களோடு சரிவில் ஏறி இறங்குவார். ஒரு பருவத்தில் பாதி மேட்டிலேயே கல்லில் உட்கார்ந்துவிட ஆரம்பித்தார். "கண்ணு இருட்டிக்கிட்டு வருதுத்தா, கொஞ்சம் இரு" என்பார். கை கால் சில்லென்று இருக்கும். மார்கழிக் குளிரில் மலையில் யாருக்குத்தான் கை கால் சில்லிடாது? வயசு, குளிர், இரத்தம் கம்மி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பிறகு ஒரு நாள் களத்தில் காப்பியைத் துழாவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். அரை நிமிடம்கூட இருக்காது, தானே எழுந்து உட்கார்ந்து "என்னாச்சு?" என்று கேட்டார்.

வீட்டிலேயே பிரஷர் பார்க்கிற மிஷின் இருந்தது. மேல் எண்ணும் கீழ் எண்ணும் நன்றாகவே இருந்தன. எல்லோரும் அந்த இரண்டு எண்ணைப் பார்த்துவிட்டு "பிரஷர் நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். அடியில் சின்னதாக மூன்றாவது எண் ஒன்று வரும். அதுதான் நாடித் துடிப்பு. அதில் 38 என்று இருந்தது.

பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது வழக்கம். தூக்கத்தில் இன்னும் குறையும். நன்றாக உடலுழைப்புச் செய்கிறவர்களுக்கும் ஓட்டக்காரர்களுக்கும் 50-க்குக் கீழேகூட இருக்கும், அது நோய் இல்லை. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே மெதுவான துடிப்பு என்பதற்கு 50-ஐத்தான் எல்லையாக வைக்கிறது. எண் மட்டும் முக்கியம் இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 45 துடிப்போடு ஒருவர் தெம்பாக மலையேறினால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். 45 துடிப்போடு கண் இருட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, மயங்கி விழுகிறார் என்றால் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

திண்டுக்கல்லில் பார்த்த மருத்துவர் முதலில் செய்த வேலையை மறக்க மாட்டேன். இ.சி.ஜி. தாளைப் பார்ப்பதற்கு முன்பே, "வீட்ல என்னென்ன மாத்திரை போடுறாங்களோ எல்லாத்தையும் மேசையில வைங்கம்மா" என்றார். பிரஷருக்கு அட்டெனலால் இருந்தது. அது துடிப்பைக் குறைக்கிற மருந்து. அட்டெனலால் வகை மருந்துகளும், டில்டியாசெம், வெரபாமில், டைகாக்சின், குளோனிடின் போன்றவையும், ஞாபக மறதிக்குக் கொடுக்கிற டொனெபெசிலும், கண் அழுத்த நோய்க்குப் போடுகிற டிமோலால் சொட்டு மருந்தும்கூட இதயத்தை மெதுவாக்கும் என்று விளக்கினார். கூடவே தைராய்டு சுரப்பு குறைவாக இருக்கிறதா, இரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருக்கிறதா என்று பார்க்க எழுதினார். தைராய்டு குறைந்தாலும் உடம்பு சில்லிடும், சோர்வு வரும், துடிப்பு குறையும். மலையில் அதைக் குளிர் என்று தள்ளிவிடுவது சுலபம். மாரடைப்பில்கூட, குறிப்பாக இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பில், துடிப்பு குறையும். காரணம் எதுவென்று பார்த்து அதை எடுத்துவிட்டால் பலருக்கு வேக மாத்திரையே தேவைப்படாது.

அம்மாவை உள்ளே சேர்த்து, கண்காணிப்பில் வைத்து அட்டெனலாலை நிறுத்தினார்கள். வீட்டில் இருந்தபடி திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம் என்பதால் அப்படி. நிறுத்திய பிறகும் துடிப்பு பெரிதாக ஏறவில்லை. துடிப்பைப் பதிவு செய்ய 24 மணி நேரம் நெஞ்சில் கட்டிவிடுகிற ஹோல்டர் கருவியைப் போட்டார்கள். மறுநாள் வந்த அறிக்கையில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, பகலிலேயே மூன்று வினாடிக்கு மேல் இதயம் துடிக்காமல் நின்ற இடைவெளிகள். மற்றொன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை: நடுராத்திரியில் கொஞ்ச நேரம் ஒழுங்கே இல்லாத வேகத் துடிப்பு.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் முனை என்று ஒரு சின்னத் திசு இருக்கிறது. துடிப்பைத் தொடங்கிவைப்பது அதுதான். ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்கிற இருவர் 1907-ல் இதைக் கண்டறிந்தார்கள். வயதாக ஆகச் சிலருக்கு இந்த முனை நார்த்திசுவாகித் தளர்ந்துவிடும். அப்போது ஒரு நேரம் மிக மெதுவாகவும், இன்னொரு நேரம் மேலறைகள் கட்டுப்பாடில்லாமல் வேகமாகவும் துடிக்கும். வேகம் நின்றதும் தளர்ந்த முனை உடனே விழித்துக்கொள்ளாது. அந்த இடைவெளியில்தான் ஆள் மயங்கி விழுகிறார். மெதுவும் வேகமும் ஒரே நோயின் இரண்டு பக்கங்கள். இது அன்றைக்கே எங்களுக்கு முழுதாகப் புரிந்திருந்தால் மாத்திரையைப் பற்றி வேறு மாதிரி கேட்டிருப்போம்.

மருத்துவர் தெளிவாகவே சொன்னார்: "இதுக்குப் பேஸ்மேக்கர்தான் வழி, துடிப்பு விட்டுப்போனா மின்சாரத்தால தூண்டிவிடுற சின்னக் கருவி. தேதி கிடைக்கிற வரைக்கும் இந்த மாத்திரையைப் போடட்டும்." உறவுக்காரர்கள் காதில் இரண்டாவது வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. "மாத்திரையிலேயே ஏறிருச்சுன்னா எதுக்கு நெஞ்சுல மிஷின் வைக்கணும்?" என்று பெரிய மாமா கேட்டார். துடிப்பு 52, 55 என்று வரவும் அவர் பேச்சுக்குப் பலம் கூடிப்போனது. அறுவடை முடியட்டும், தை பிறக்கட்டும் என்று பேச்சு தள்ளிக்கொண்டே போயிற்று.

எழுதிக் கொடுத்தது தியோபிலின் வகை மாத்திரை. ஆஸ்துமாவுக்கும் இளைப்புக்கும் காலங்காலமாகக் கொடுத்துவருகிற மருந்துதான். ஆல்பிரெக்ட் கோசல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1888-ல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தது. நம் காப்பியில் இருக்கிற காஃபீனுக்கு நெருங்கிய சொந்தம். உடம்பில் அடினோசின் என்ற பொருள் சைனஸ் முனையை அடக்கிவைக்கும். தியோபிலின் அந்த அடினோசினைத் தடுத்துவிடும், முனை சற்று வேகமாகத் துடிக்கும். நல்லதுதான். ஆனால் அது முனையோடு நிற்பதில்லை. மேலறை, கீழறைத் தசைகளையும் கிளறிவிடும், வயிற்றைப் புரட்டும், கையை நடுங்கவைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருப்பதைத்தான் பல காலமாகச் சிகிச்சை அளவு என்று வைத்திருக்கிறார்கள். இப்போது இன்னும் குறைவாக வைத்துக்கொள்வதே நல்லது என்கிறார்கள். 20-ஐத் தாண்டினால் தாறுமாறான இதயத் துடிப்பு, வலிப்பு என்று ஆபத்து தொடங்கும். பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இடம் ரொம்பக் குறுகல். அந்த அளவைப் பார்க்கிற இரத்தச் சோதனை எங்கள் பக்கத்து லேப் எதிலும் கிடையாது.

இதயத்தை வேகப்படுத்துகிற மற்ற மருந்துகளுக்கும் இதே கதைதான். ஆர்சிபிரினலின் மாத்திரையும், ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற ஐசோபிரினலினும், டோபமினும், அட்ரினலினும் உடம்பு பயத்தில் சுரக்கிற வகை வேதிப்பொருளைப் போல வேலை செய்பவை. துடிப்பு ஏறும், கூடவே இதயத் தசைக்கு வேண்டிய ஆக்சிஜனும் ஏறும். இரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு இதுவே நெஞ்சுவலியையும் கீழறையில் ஆபத்தான வேகத் துடிப்பையும் கொண்டுவரலாம். வண்டிப்பாதையில்லாத மலையூர்களுக்குச் சாமான் சுமக்கும் குதிரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: களைத்துப்போய் நிற்கிற குதிரையைச் சாட்டையால் அடித்தால் அது ஏறினாலும் ஏறும், மிரண்டு பாதையை விட்டுப் பள்ளத்தில் பாய்ந்தாலும் பாயும். மருந்து அந்தச் சாட்டை. கொஞ்ச தூரம் கடக்க மட்டுமே அது உதவும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த ஐப்பசி மழை. அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்து, அருகே ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் வாங்கி வந்தோம். சிப்ரோஃபிளாக்சசின். நீர்க்கடுப்புக்கு வழக்கமாகக் கொடுப்பதுதான். அங்கே யாரும் வேறு என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்கவில்லை. தியோபிலினை உடம்பிலிருந்து வெளியேற்றுகிற கல்லீரல் வேலையைச் சிப்ரோஃபிளாக்சசின் தடுத்துவிடும். வெளியே போக வேண்டிய மருந்து இரத்தத்திலேயே சேர்ந்துகொண்டே போகும். போடுகிற மாத்திரை அதே அளவுதான், உள்ளே இருப்பதோ கூடிக்கொண்டே போகிறது.

இரண்டொரு நாளில் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். காப்பித் தம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். "நெஞ்சு ஒரு நெலையா இல்லத்தா, என்னமோ அடிச்சுக்கிட்டே கெடக்கு" என்றார். மணிக்கட்டில் விரலை வைத்தேன். எண்ணவே முடியவில்லை. மூன்று வேகமாக, ஒன்று விட்டு, இரண்டு இழுத்து. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் துடிப்பை 90 என்றது, பிறகு 140 என்றது, பிறகு கோடு காட்டியது. குளிரில் விரல் விறைத்திருந்தாலும் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தாலும் அந்தக் கருவியின் எண்ணை நம்ப முடியாது. அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

108-க்குச் சொல்லிவிட்டு, அது வந்து சேரும் வரை காத்திருக்காமல் தம்பி ஜீப்பை எடுத்தான். பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்களிடமே பேசிவைத்துக்கொண்டோம். மழையில் மண் சரிந்து கிடந்த இடங்களில் ஊர்ந்துதான் போக வேண்டியிருந்தது. ஒரு வளைவில் காட்டுமாடுகள் நடுரோட்டில் நின்றன. அவை நகரும்வரை விளக்கைத் தணித்துவிட்டு நின்றோம். பட்டிவீரன்பட்டி தாண்டி ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. அதிலிருந்த ஊழியர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை போடுறாங்க?" மாத்திரை டப்பா முழுவதையும் பையில் போட்டு எடுத்து வந்திருந்தோம். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அந்தப் பையைக் கொட்டியதும் பயிற்சி மருத்துவர் ஒரு பெண், இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துப் பார்த்து, "இது ரெண்டையும் சேர்த்தா போட்டாங்க?" என்று கேட்டார். அங்கேயே காரணம் பிடிபட்டுவிட்டது.

மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நடுநடுவே கீழறையிலிருந்தும் தப்புத் துடிப்புகள். வாந்தியாலும் மருந்தாலும் பொட்டாசியம் குறைந்திருந்தது. பொட்டாசியம் குறைந்தால் இதயத் தசை இன்னும் எளிதாகத் தறிகெடும். இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தினார்கள், பொட்டாசியத்தை மெல்ல ஏற்றினார்கள், மானிட்டரில் வைத்தார்கள்.

இங்கேதான் சிக்கல். வேகமாக ஓடும் துடிப்பை அடக்க வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் எல்லாம் துடிப்பைக் குறைப்பவை. அம்மாவின் இதயமோ அடிப்படையில் நின்று நின்று துடிக்கிறது. அடக்க மருந்து கொடுத்தால் ஒரேயடியாக நின்றுவிடும் அபாயம், கொடுக்காவிட்டால் இந்த ஓட்டம். விடியற்காலையில் வேகத் துடிப்பு தானாக அறுந்தது. அடுத்து மானிட்டரில் நேர்க்கோடு ஓடியது. சில வினாடிதான், நர்சம்மா ஓடி வருவதற்குள் துடிப்பு வந்துவிட்டது. அதற்கு மேல் காத்திருக்கவில்லை. ரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்தித் தற்காலிகப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். உடம்பு தேறியதும் இடது காறை எலும்புக்குக் கீழே நிரந்தரப் பேஸ்மேக்கர். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொண்டு போயிருந்ததால் பணத்துக்காக அலையவில்லை.

பேஸ்மேக்கர் என்றால் நம் பக்கத்தில் இன்னும் பயம் இருக்கிறது. முதன்முதலில் உடம்புக்குள் வைக்கப்பட்டது 1958 அக்டோபர் 8 அன்று, சுவீடனில். ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியாளர் செய்த கருவியை, ஓக்கே சென்னிங் என்ற அறுவை மருத்துவர், ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரருக்கு வைத்தார். லார்சனின் இதயம் அடிக்கடி நின்று நின்று அவர் மயங்கிக்கொண்டே இருந்தார், மருந்துகள் கைகொடுக்கவில்லை. அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் வேலை செய்தது. அதன்பிறகு இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு 2001 வரை, 86 வயதுவரை அவர் வாழ்ந்தார். பெரிய மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஊரில் இப்போது மற்றவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வது அவர்தான்.

அம்மாவுக்கு இப்போது துடிப்பு 60-க்குக் கீழே இறங்க பேஸ்மேக்கர் விடுவதில்லை. இன்னொன்று முக்கியம்: பேஸ்மேக்கர் வேகத் துடிப்பை நிறுத்தாது. அதற்கு இப்போது மெட்டோபுரோலால் கொடுக்கிறார்கள். முன்பு நிறுத்தச் சொன்ன அட்டெனலாலின் அதே குடும்பம்! கீழே தாங்கிப் பிடிக்கக் கருவி இருப்பதால் இப்போது தைரியமாகக் கொடுக்க முடிகிறது. மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டி, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வராமலிருக்க இரத்தம் உறையாமை மருந்தும் உண்டு. தியோபிலின் வேண்டவே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

தியோபிலினோடு சிப்ரோஃபிளாக்சசின் மட்டும்தான் மோதும் என்று நினைக்கக் கூடாது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் அதன் அளவைக் கூட்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களின் உடம்பு தியோபிலினை வேகமாக வெளியேற்றும். அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரியில் படுத்துப் புகையை நிறுத்தினால், அதே மாத்திரை அளவு அவருக்குத் திடீரென்று அதிகமாகிவிடும். புகையை விடுவது நல்லதுதான், விடும்போது மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டும். கல்லீரல் நோய், இதயம் பலவீனமாகி நீர் கோர்த்த நிலை, கடும் காய்ச்சல், எல்லாவற்றிலும் அளவு கூடும். கட்டங்காப்பியையும் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். காப்பிக்காட்டில் இருந்துகொண்டு அது எவ்வளவு கஷ்டம் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும்.

இன்னொரு ஆபத்து, வேக மருந்தே போடாத மெதுவான இதயத்துக்கும் வரும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் தன் மின்னோட்டத்தை மீட்டுக்கொள்ளச் சிறிது நேரம் எடுக்கும்; இ.சி.ஜி.யில் அதைக் க்யூ.டி. இடைவெளி என்பார்கள். துடிப்பு மெதுவாக இருந்து, இந்த இடைவெளியும் நீண்டு, பொட்டாசியமோ மக்னீசியமோ குறைந்தால், டோர்சாட் என்கிற ஆபத்தான கீழறைத் துடிப்பு வரலாம். வாந்திக்குக் கொடுக்கிற டோம்பெரிடோன், ஒன்டான்செட்ரான், காய்ச்சல் சளிக்கு எழுதுகிற அசித்ரோமைசின், பூஞ்சைக்கு ஃபுளூகனசோல், இவையெல்லாம் அந்த இடைவெளியை நீட்டக்கூடியவை. மெடிக்கலில் பெயர் சொல்லி வாங்கிப் போடுகிற மருந்துகள்தான் எல்லாமே. மெதுவான துடிப்பு உள்ளவர்கள் இவற்றை வாங்கும்முன் ஒரு வார்த்தை கேட்பது அவசியம். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. மெதுவான துடிப்பால் டோர்சாட் வந்தவருக்கு, ஆஸ்பத்திரியில் ஐசோபிரினலின் ஏற்றித் துடிப்பைக் கூட்டியே அதை அடக்குவதும் உண்டு. எந்த மருந்தும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ இல்லை, எந்த இதயத்துக்கு, எந்த நேரத்தில் என்பதுதான்.

அட்ரோபினைப் பற்றியும் சொல்ல வேண்டும், துடிப்பு மிகவும் குறைந்துபோன அவசரத்தில் முதலில் போடும் ஊசி அதுதான். பெரியவர்களுக்கு இப்போதைய முறைப்படி ஒரு தடவைக்கு 1 மில்லிகிராம், மொத்தம் 3 மில்லிகிராம் வரை. ரொம்பக் குறைவாகக் கொடுத்தால் தலைகீழாகத் துடிப்பு இன்னும் குறையவும் கூடும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மின்பாதை அதன் கீழ்ப்பகுதியில் அறுபட்டிருந்தால் அட்ரோபின் பெரும்பாலும் உதவாது. மேலே துடிப்பு ஏறி, கீழே கடத்தல் இன்னும் மோசமாகலாம். அதனால் இ.சி.ஜி. பார்க்காமல், மானிட்டர் இல்லாமல் "ஒரு ஊசி போட்டு ஏத்திவிடுங்க" என்று கெஞ்சுவதில் பயனில்லை. அட்ரோபின் போட்டும் பலிக்கவில்லை என்றால் அடுத்து நெஞ்சின் மேல் பட்டை ஒட்டி மின்தூண்டல் கொடுக்கும் வசதி உள்ள இடத்துக்குப் போக வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் அது இருக்கிறது என்று நல்ல பகலில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் பூண்டு, கேரட், முட்டைக்கோஸ் காடுகளில் மருந்தடிப்பவர்களுக்கும் இது தொடர்புடையது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் துடிப்பு குறையும், எச்சில் ஒழுகும், மூச்சு இரைக்கும். அதற்கும் அட்ரோபின்தான், அதிகமாக, நுரையீரல் தெளியும்வரை. அங்கேயும் அளவு மீறினால் பிதற்றல், காய்ச்சல், கட்டுக்கடங்காத வேகத் துடிப்பு. எங்கள் மலைச்சாலைகளில் வேலியோரம் தலைகீழாகத் தொங்கும் பெரிய எக்காளம் போன்ற பூவும், ஊமத்தையும் இதே வகை நச்சுக்களைக் கொண்டவை. கைவைத்தியம் என்று அவற்றைத் தொட வேண்டாம், வயதானவர்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் உட்காரவைத்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணுகிறோம். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவது ஒழுங்கில்லாத துடிப்பில் ஏமாற்றிவிடும். எண்ணோடு, ஒழுங்காக இருந்ததா என்றும் காலண்டரில் குறிக்கிறோம். எல்லா மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள் ஒன்று அம்மாவின் சுருக்குப்பையில், ஒன்று என் போனில். அதில் சொட்டு மருந்தும், தைலமும், நாட்டு மருந்தும் உண்டு. பல்லுக்குப் போனாலும் கண்ணுக்குப் போனாலும் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுகிறோம். பேஸ்மேக்கர் அடையாள அட்டையும் அதோடுதான். போனை இடது பக்கப் பையில் வைப்பதில்லை, காட்டுப்பன்றிக்குப் போட்ட சோலார் வேலிப் பக்கம் அம்மாவை விடுவதில்லை.

துடிப்பு ஏற மாத்திரை எழுதினால் மருத்துவரிடம் கேளுங்கள்: இது எத்தனை நாளைக்கு, எது நடக்கும்வரை? மெதுவாவதற்குக் காரணம் என்ன என்று பார்த்தாயிற்றா? எந்த மருந்தோடு சேர்க்கக் கூடாது? வாந்தி, கை நடுக்கம், தூக்கமின்மை, புதிதாகப் படபடப்பு வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடும் முன் யாரைக் கூப்பிட வேண்டும்? நல்ல மருத்துவர் யாரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பதில் தெளிவாக இல்லை என்றால் இன்னொருவரிடம் காட்டலாம். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று வந்தால் கேள்வி எதுவும் வேண்டாம், கிளம்பிவிட வேண்டும். மலையில் இருட்டின பிறகு யோசிப்பதைவிட வெளிச்சத்தில் இறங்குவது மேல்.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருவர் தலைசுற்றல் என்று வந்து உட்கார்ந்தார். எண்ணினேன், 44. "உங்கம்மா போட்ட மாத்திரை மிச்சம் இருந்தா குடு ஆத்தா" என்றார். கொடுக்கவில்லை. என்னென்ன போடுகிறீர்கள் மாமா என்று கேட்டதில், கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து என்றார். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன், டிமோலால். கண்ணில் விடும் சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி இரத்தத்தில் சேர்ந்துவிடும் என்று எனக்கு அம்மா விஷயத்தில் சொல்லியிருந்தார்கள். பாட்டிலோடு அன்றைக்கே மகனோடு அவரை வத்தலக்குண்டுக்கு அனுப்பினோம். இ.சி.ஜி. எடுத்து, கண் மருத்துவரிடம் பேசி, சொட்டு மருந்தை வேறு வகைக்கு மாற்றினார்கள். சொட்டு விட்டதும் கண்ணின் மூக்கோர மூலையை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லியும் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அவருக்கு 64. வேக மாத்திரையும் தேவைப்படவில்லை, பேஸ்மேக்கரும் தேவைப்படவில்லை.